ஒரே அதிகாரத்தில் இரண்டு யாக்கோபு

கேள்வி: சிறிய பதிப்பகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்துகிறேன். ஆதித் திருச்சபையின் வரலாறு பற்றி ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கப்பட்ட நூல் ஒன்று என் மேசைக்கு வந்திருக்கிறது. ஒரே பக்கத்தில் ஜான், யோவான், அருளப்பர் என்று மூன்று பெயர்கள். ஜேம்ஸ், யாக்கோபு, யாகப்பர் என்பதும் அப்படியே. நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்தவள் அல்ல. கணினியில் தேடி எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடலாமா? ஆலயம், தேவாலயம், சபை ஆகிய சொற்களையும் ஒழுங்குபடுத்த வேண்டியிருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: மொத்தமாகத் தேடி மாற்றுவதை மட்டும் செய்யாதீர்கள். உங்கள் கையெழுத்துப் பிரதியில் இரண்டு வகைக் குழப்பம் கலந்திருக்கிறது. ஒரே ஆளுக்குப் பல பெயர்கள் இருப்பது ஒன்று, ஒரே பெயரில் பல ஆட்கள் இருப்பது மற்றொன்று. முதலாவதைக் கணினி தீர்த்துவிடும். இரண்டாவதைத் தீர்க்கப் போனால் இன்னும் சிக்கலாக்கிவிடும்.

பெயர் வடிவங்களை முதலில் முடித்துவிடலாம், அது சுலபம். யோவான், யாக்கோபு, பேதுரு, பவுல் என்பவை சீர்திருத்த சபையார் (புராட்டஸ்டண்டுகள்) படிக்கும் பழைய மொழிபெயர்ப்பிலும் உண்டு, 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்திலும் உண்டு. ஆகவே அவற்றையே வைத்துக்கொள்ளுங்கள். அருளப்பர், இராயப்பர் (பேதுரு), சின்னப்பர், முடியப்பர் என்பவை பழைய கத்தோலிக்க வழக்கு. எனக்கு அவற்றின் மேல் தனிப் பிரியம் உண்டு, ஏனென்றால் அவற்றில் பல ஒலிபெயர்ப்பு அல்ல, பொருள்பெயர்ப்பு. யோவான் என்ற எபிரேயப் பெயரில் கடவுளின் அருள் என்ற பொருள் இருப்பதால் அவர் அருளப்பர். பவுலுஸ் என்றால் இலத்தீனில் சிறியவர், அதனால் சின்னப்பர். ஸ்தேவானின் கிரேக்கப் பெயருக்கு மகுடம் என்று பொருள், அதனால் முடியப்பர். 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்ட போர்த்துக்கீசிய மறைப்பணியாளர் அருளானந்தரின் பெயரும் ஜான்தான். கோயில் பெயராகவோ பழைய நூலின் மேற்கோளாகவோ வரும் இடங்களில் இந்த வடிவங்களை விட்டுவையுங்கள். மற்ற இடங்களில் மாற்றலாம்.

இனி ஆட்களுக்கு வருவோம். புதிய ஏற்பாட்டு நூலான திருத்தூதர் பணிகள் (பழைய மொழிபெயர்ப்பில் அப்போஸ்தலருடைய நடபடிகள்) 12ஆம் அதிகாரத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது. உங்கள் சிக்கல் முழுவதும் அதற்குள் இருக்கிறது.

2ஆம் வசனத்தில் அரசன் ஏரோது, யோவானின் சகோதரரான யாக்கோபை வாளால் கொல்கிறான். பேதுருவையும் சிறையில் அடைக்கிறான். சிறையிலிருந்து தப்பிய பேதுரு, மாற்கு என்னும் மறுபெயர் கொண்ட யோவானுடைய தாய் மரியாவின் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். நடந்ததைச் சொல்லிவிட்டு, 17ஆம் வசனத்தில், "இதை யாக்கோபுக்கும் மற்றச் சகோதரருக்கும் தெரிவியுங்கள்" என்ற கருத்தில் பேசிவிட்டுக் கிளம்புகிறார். கொல்லப்பட்டவருக்கு எப்படிச் செய்தி சொல்வது? 17ஆம் வசனத்தின் யாக்கோபு வேறு ஆள். முதலாமவர் செபதேயு என்ற மீனவரின் மகன், இயேசு தேர்ந்தெடுத்த பன்னிருவரில் ஒருவர். இரண்டாமவர் 'ஆண்டவரின் சகோதரர்' என்று பவுல் குறிப்பிடும் யாக்கோபு, எருசலேம் சபையின் தலைவர். அவர் கி.பி. 62 வாக்கில் கல்லெறிந்து கொல்லப்பட்டதை யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதியிருக்கிறார். பன்னிருவரிலேயே அல்பேயுவின் மகன் யாக்கோபு என்று இன்னொருவரும் உண்டு. போதாததற்கு, பழைய ஏற்பாட்டில் ஈசாக்கின் மகன் யாக்கோபு. ஆங்கிலத்தில் அவரை ஜேக்கப் என்றும் மற்றவர்களை ஜேம்ஸ் என்றும் பிரித்துவிட்டார்கள். தமிழில் எல்லாரும் யாக்கோபுதான். நீங்கள் ஜேம்ஸை யாக்கோபாக மாற்றிய நொடியில் ஆங்கிலம் காட்டிய அந்த வேறுபாடு காணாமல் போகும். அதனால் மாற்றும்போதே அடைமொழியையும் சேர்த்துவிடுங்கள்.

அடைமொழி புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம். ஒரே வகுப்பில் நான்கு முருகன் இருந்தால் நாம் இனிஷியலையோ ஊரையோ சொல்வது போல, புதிய ஏற்பாடும் தகப்பன் பெயர், ஊர், தொழில் வைத்தே ஆட்களைப் பிரிக்கிறது. செபதேயுவின் மகன் யோவான் ஒருவர், செக்கரியாவின் மகனான திருமுழுக்கு யோவான் இன்னொருவர், மாற்கு எனப்பட்ட யோவான் மற்றொருவர்.

அதே அதிகாரத்தின் ஏரோதுவையும் கவனியுங்கள். பெத்லகேம் குழந்தைகளைக் கொல்லச் சொன்னவன் பெரிய ஏரோது. திருமுழுக்கு யோவானின் தலையை வெட்டியவன் அவன் மகன் அந்திப்பா. யாக்கோபைக் கொன்றவன் பேரன், முதலாம் அகிரிப்பா, கி.பி. 44இல் செசரியாவில் இறந்தான். பவுலை விசாரித்துப் பேசவிட்டவன் கொள்ளுப்பேரன், இரண்டாம் அகிரிப்பா. உங்கள் நூலில் வெறும் 'ஏரோது' என்று இருக்கும் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி ஆண்டைப் பாருங்கள். பெரிய ஏரோது இறந்தது பெரும்பாலோர் கணக்குப்படி கி.மு. 4.

மரியாக்களில் ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அவருக்கு நடந்தது அநியாயம். மகதலா மரியாவைப் 'பாவியான பெண்', 'விலைமாது' என்று உங்கள் பிரதி சொன்னால் கேள்விக்குறி போடுங்கள். நற்செய்திகளில் எங்கும் அப்படி இல்லை. லூக்கா 8ஆம் அதிகாரத்தில் அவர் ஏழு பேய்கள் நீங்கியவர். இயேசுவுக்கும் சீடர்களுக்கும் தம் உடைமையால் உதவிய பெண்களில் ஒருவர். கல்லறைக்குப் போய் உயிர்ப்பின் செய்தியைக் கொண்டுவந்தவர். 591இல் திருத்தந்தை முதலாம் கிரகோரி ஒரு மறையுரையில் இவரையும், லூக்கா 7இல் வரும் பெயரில்லாத பெண்ணையும், மார்த்தாவின் சகோதரியான பெத்தானியா மரியாவையும் ஒருவராக்கிவிட்டார். 1969இல் கத்தோலிக்கத் திருநாள்காட்டியைத் திருத்தியபோதுதான் அந்தக் குழப்பம் விலக்கப்பட்டது. மூலநூலாசிரியர் அந்தப் பழைய மரபைப் பற்றியே பேசுகிறார் என்றால் விட்டுவிடலாம். மொழிபெயர்ப்பாளர் தாமாகச் சேர்த்திருந்தால் நீக்குங்கள்.

பவுலின் பெயரிலும் ஒரு வழக்கமான பிழை உண்டு. 'தமஸ்கு வழியில் மனம் மாறியதும் சவுல் பவுலானார்' என்று எழுதுவார்கள். திருத்தூதர் பணிகள் 13:9 'பவுல் என்னும் சவுல்' என்கிறது, அவ்வளவுதான். யூதப் பெயர் ஒன்றும் உரோமைப் பெயர் ஒன்றும் அவருக்குச் சேர்ந்தே இருந்தன.

சரி, சொற்கள். இங்கேதான் நிதானம் வேண்டும். பழைய மொழிபெயர்ப்பில் 'தேவாலயம்' என்றால் எருசலேமில் யூதர்கள் பலி செலுத்திய ஒரே ஆலயம், கி.பி. 70இல் உரோமைப் படை இடித்தது அதைத்தான். ஊர்தோறும் வேதம் வாசிக்கக் கூடிய இடம் 'ஜெப ஆலயம்', திருவிவிலியத்தில் 'தொழுகைக்கூடம்'. இன்று தெருவில் தேவாலயம் என்றால் சர்ச். '70இல் எருசலேம் தேவாலயம் இடிக்கப்பட்டது' என்று விட்டால் வாசகர் சிலுவை வைத்த கோபுரம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வார். 'எருசலேம் கோவில்' என்று போடுங்கள். முதல் நூற்றாண்டுக் கிறிஸ்தவர்கள் வீடுகளில் கூடினார்கள். எக்லேசியா என்ற கிரேக்கச் சொல்லுக்கு ஆட்களின் கூட்டம் என்றே பொருள். எனவே 'கொரிந்து தேவாலயத்துக்குப் பவுல் எழுதினார்' என்பது தவறு, 'கொரிந்து சபைக்கு' என்பதே சரி.

பவுலின் மடல்களில் வரும் 'புனிதர்கள்' படம் மாட்டி வணங்கும் புனிதர்கள் அல்ல, அந்தந்த ஊரில் இருந்த எல்லா விசுவாசிகளும். பிலிப்பியர் 1:1இல் எபிஸ்கோபோஸ் என்ற சொல்லைப் பழைய மொழிபெயர்ப்பு 'கண்காணி' என்று தருகிறது. மேற்பார்ப்பவர் என்ற மூலப்பொருளுக்கு அருமையான தமிழ். 'பேராயர்' என்று போட்டால் இன்றைய செங்கோலும் அங்கியும் கண்ணுக்கு வந்துவிடும். இரண்டாம் நூற்றாண்டில் அந்தியோக்கியா நகரின் ஆயர் இஞ்ஞாசியார் காலத்துக்கு வந்த பிறகு 'ஆயர்' என்று மாற்றிக்கொள்ளலாம். சீடரையும் திருத்தூதரையும் கலக்காதீர்கள். சீடர் கற்பவர், திருத்தூதர் அனுப்பப்பட்டவர். இயேசுவோடு திரிந்த பன்னிருவரில் பவுல் இல்லை, ஆனாலும் திருத்தூதர். நற்செய்தி எழுதியதாகச் சொல்லப்படும் மாற்கும் லூக்காவும் பன்னிருவரில் இல்லை.

மேற்கோள் வசனங்களை ஒரே மொழிபெயர்ப்பிலிருந்து எடுங்கள். உங்கள் நூல் மக்கபேயர், தோபித்து, சீராக் போன்றவற்றை மேற்கோள் காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். அவை 73 நூல்கள் கொண்ட கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் கிடைக்கும், 66 நூல்கள் கொண்ட பழைய மொழிபெயர்ப்பில் கிடைக்காது. ஒரே ஒரு மேற்கோள் அப்படி இருந்தாலும் நூல் முழுவதுக்கும் திருவிவிலியத்தையே பிடித்துக்கொள்ளுங்கள். நூற்பெயர்களும் அதன்படியே, ஆதியாகமம் அல்ல, தொடக்கநூல்.