வங்கி மென்பொருள் சும்மா கிடைக்குமா? – வாசகர் கேள்வி பதில்

கே: எங்களுடையது பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம், உறுப்பினர்கள் எண்ணூறு பேர் பக்கம். இப்போதிருக்கும் சாஃப்ட்வேருக்கு வருடா வருடம் ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணம்) ஏற்றிக்கொண்டே போகிறார்கள். ஐடியில் இருக்கும் என் அக்கா மகன், ‘ஃபினராக்ட்னு ஒண்ணு இருக்கு மாமா, பேங்குக்கான சாஃப்ட்வேரு, இலவசம்’ என்கிறான். நம்பலாமா?
— சங்கச் செயலாளர் ஒருவர், ஈரோடு

ப: மருமகன் சொல்வது நிஜம்தான். அப்பாச்சி ஃபினராக்ட் என்பது முழுப்பெயர். உறுப்பினர் பதிவு, சேமிப்பு, வைப்பு, கடன், பங்குத்தொகை, டிவிடெண்ட், பொதுப் பேரேடு எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிற கோர் பேங்கிங் மென்பொருள். அதன் கோட் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது, இறக்கி நிறுவலாம், மாற்றி எழுதலாம், அதை வைத்துத் தொழிலும் செய்யலாம், யாருக்கும் லைசென்ஸ் பணம் கட்ட வேண்டாம்.

இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் எதற்குப் பொருந்தும் என்பதும் புரியும். ஏழைகளுக்குக் குழுவாகக் குறுங்கடன் தரும் முகமது யூனுஸின் வங்கதேச கிராமீன் வங்கி முறையை மற்ற நாடுகளுக்குக் கொண்டுபோக அமெரிக்காவில் கிராமீன் ஃபவுண்டேஷன் என்று ஒன்று இருந்தது. குறுங்கடன் நிறுவனங்கள் நோட்டிலும் எக்ஸெலிலும் கணக்கு எழுதித் திண்டாடுவதைப் பார்த்து, 2000களின் நடுவில் அவர்கள் எழுத ஆரம்பித்ததுதான் மிஃபோஸ். 2011இல் அவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். வழக்கமாக அதோடு கதை முடிந்திருக்கும். ஆனால் எழுதிக்கொண்டிருந்தவர்களும் பயன்படுத்திக்கொண்டிருந்தவர்களும் சேர்ந்து லாபநோக்கில்லாத ஓர் அமைப்பாக அதைக் கையில் எடுத்து, மிஃபோஸ் எக்ஸ் என்று புதிதாகவே கட்டினார்கள். அதன் உள்இன்ஜின் 2015 டிசம்பரில் திறந்த மென்பொருள்களைப் பராமரிக்கும் அப்பாச்சி சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனின் இன்குபேட்டருக்கு (புதிய புராஜெக்டுகளைப் பழக்கும் இடம்) போய், 2017 ஏப்ரலில் முழு புராஜெக்ட் ஆனது. அதுதான் ஃபினராக்ட். திரையில் நீங்கள் பார்க்கப்போவது இன்னமும் மிஃபோஸ்காரர்கள் எழுதுவது.

உங்களுக்குப் பிடிக்கக்கூடிய ஒரு இடம் சொல்கிறேன். கடன் திட்டம் உருவாக்கும் படிவத்தில் வட்டி முறை ஃப்ளாட்டா (முழுக் கடன் தொகைக்கும் கடைசி வரை வட்டி), குறையும் நிலுவைக்கா (மீதி அசலுக்கு மட்டும் வட்டி) என்று கேட்கும். 50,000 ரூபாய், 12 மாதம், 12 சதவீதம் போட்டுப் பாருங்கள்: ஃப்ளாட்டில் வட்டி 6,000, குறையும் நிலுவையில் சுமார் 3,309. தவணை அட்டவணையை அதுவே போட்டுக் கொடுத்துவிடும். கீழே இன்னொரு பட்டியல் இருக்கும், வருகிற பணத்தை அபராதம், கட்டணம், வட்டி, அசல் இதில் எதில் முதலில் வரவு வைப்பது என்று. அதில் ‘ஆர்பிஐ இந்தியா’ என்று ஒரு முறை, பக்கத்திலேயே ‘ஹெவன்ஸ்ஃபேமிலி’, ‘கிரியோகோர்’ என்று தலையும் காலும் புரியாத பெயர்கள். எங்கோ ஒரு அமைப்புக்குத் தேவைப்பட்டது, எழுதினார்கள், எல்லோருடைய பட்டியலிலும் ஏறிக்கொண்டது. இந்த மென்பொருள் வளர்ந்த விதமே அதுதான்.

சரி, வைக்கலாமா? உங்கள் சங்கம் மட்டும் தனியாக என்றால் வேண்டாம் என்பேன். மாதாமாதம் அலுவலகத்துக்கு அனுப்பும் சம்பளப் பிடித்தப் பட்டியல், கூட்டுறவுத் தணிக்கைக்கான படிவங்கள், நெஃப்ட் இணைப்பு இதெல்லாம் நம்மூர் வடிவத்தில் தயாராக இருக்காது, யாராவது எழுதித்தர வேண்டும். அப்புறம் சர்வர், தினசரி பேக்கப், பழைய கணக்கை ஒரு பைசா பிசகாமல் ஏற்றுவது. மருமகன் செய்து கொடுத்துவிடுவான், அடுத்த வருடம் சிங்கப்பூரில் வேலை கிடைத்து அவன் போய்விட்டால் மார்ச் 31 ராத்திரி நீங்கள் யாரைக் கூப்பிடுவீர்கள்? பக்கத்துச் சங்கங்கள் ஏழெட்டு சேர்ந்தால் கதை வேறு. ஒரே நிறுவலில் ஒவ்வொரு சங்கத்துக்கும் தனித்தனி டேட்டாபேஸ் வைக்க இதில் வசதி உண்டு, எல்லோருமாகச் சேர்ந்து ஒரு ஆளைச் சம்பளத்துக்கே வைத்துக்கொள்ளலாம்.

கே: கோட் எல்லோரும் பார்க்கும்படி கிடக்கிறதே, திருடனுக்கு வசதிதானே?
— வாசகர், திருநெல்வேலி

ப: ஓட்டைகள் இருந்திருக்கின்றன, மறைக்க ஒன்றுமில்லை. எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் வகைக் கோளாறுகள், அதாவது உள்ளீடு வழியாகக் கட்டளையைத் திணித்து டேட்டாபேஸுக்குள் நுழையவிடும் ஓட்டைகள், ஃபினராக்டில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை பிடிபட்டு, ஊரறிய எண் போட்டு அறிவித்திருக்கிறார்கள். கண்டுபிடித்தவர் முதலில் ரகசியமாகத் தெரிவிப்பார், சரிசெய்த பதிப்பு வந்தபின் வெளியில் சொல்வார்கள். ஆகவே பழைய பதிப்பிலேயே வருடக்கணக்கில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் ஆபத்து. இன்னொன்று, நிறுவியதும் வருகிற பயனர் பெயர் ‘மிஃபோஸ்’, பாஸ்வேர்டு ‘பாஸ்வேர்டு’. உலகத்துக்கே தெரிந்த பூட்டு அது. முதல் வேலையாக மாற்றுங்கள்.

கே: எங்கள் மகளிர் கூட்டமைப்பில் வாராவாரம் ஊர் ஊராகப் போய் வசூல் செய்கிறோம். பாதி ஊரில் டவர் இல்லை. இது உதவுமா?
— குழு ஒருங்கிணைப்பாளர், திண்டுக்கல் மாவட்டம்

ப: அம்மா, உங்களைப் போன்றவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதவே தொடங்கினார்கள். உறுப்பினர், அவருக்கு மேல் குழு, குழுக்களுக்கு மேல் சென்டர் என்ற கிராமீன் அடுக்கு அப்படியே இதில் இருக்கிறது. கூட்ட நாளன்று வசூல் தாளைத் திறந்தால் ஒவ்வொருவர் பெயருக்கு நேரே கட்ட வேண்டிய தொகை இருக்கும், யார் வந்தார்கள், யார் வரவில்லை என்ற வருகைக் குறிப்புக்குக்கூட இடம் உண்டு. களப்பணியாளருக்கான மிஃபோஸ் ஆண்ட்ராய்டு செயலியில் விவரங்களை முன்கூட்டியே இறக்கிக்கொண்டு, சிக்னல் கிடைத்ததும் ஏற்றும் வசதி இருக்கிறது. ஆனாலும் ஒரு குழுவில் இரண்டு மாதம் நோட்டையும் இதையும் ஜோடியாக எழுதிப் பார்க்காமல் நோட்டைத் தூக்கி வைத்துவிடாதீர்கள்.

கே: ஜாவா தெரியும், வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கம்யூனிட்டியில் எப்படிச் சேர்வது? சர்ட்டிஃபிகேட் தருவார்களா?
— பட்டதாரி, நாகர்கோவில்

ப: சேர்வதற்குப் படிவமும் கிடையாது, சர்ட்டிஃபிகேட்டும் கிடையாது தம்பி. ஜிரா என்ற பிழைப் பட்டியல் தளத்தில் பிழைகள் எண் போட்டுக் கிடக்கின்றன, ஒன்றை எடு, உன் மெஷினில் அதே பிழையை வரவழைத்துப் பார், திருத்து, டெஸ்ட் எழுது, புல் ரிக்வெஸ்ட் (உன் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் கோரிக்கை) அனுப்பு. ‘எனக்கு ஒரு இஷ்யூ கொடுங்க சார்’ என்று எழுதிவிட்டுக் காத்திருப்பவர்கள் ஏராளம், அந்த வரிசையில் நிற்காதே. வட்டிக் கணக்கில் கை வைக்கும்முன் பற்று–வரவு கற்றுக்கொள். ஜாவா தெரிந்தவர்கள் நிறையப் பேர், கடனைத் தள்ளுபடி செய்தால் பேரேட்டில் எந்தக் கணக்கில் விழும் என்று தெரிந்த ஜாவாக்காரர்கள்தான் கொஞ்சம். தொடர்ந்து உருப்படியாகச் செய்தால் அவர்களே கமிட்டராக, அதாவது கோடில் நேரடியாக மாற்றம் சேர்க்க உரிமை உள்ளவராக, அழைப்பார்கள். புதிய பதிப்பு வெளியிடுவதைக்கூட ஓட்டுப் போட்டுத்தான் முடிவு செய்கிறார்கள், பொறுப்புக் குழுவிலிருந்து குறைந்தது மூன்று ‘பிளஸ் ஒன்’ (ஆதரவு ஓட்டு) வேண்டும், முதலாளி என்று ஒருவர் இல்லை. புதியவர்களைத் திறந்த மென்பொருளில் பழக்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் திட்டத்தில் மிஃபோஸ் பல வருடங்கள் கலந்துகொண்டிருக்கிறது, அதில் தேர்வானால் உதவித்தொகை உண்டு.

கே: இலவசமாகக் கொடுத்துவிட்டு இவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்?
— வாசகர், சேலம்

ப: நிறுவிக் கொடுப்பது, மாற்றியமைப்பது, பராமரிப்பது, இதில்தான் காசு. பெங்களூரின் கான்ஃப்ளக்ஸ் மிஃபோஸ் எக்ஸுக்கு நிறைய உழைத்த நிறுவனம். அதே அடித்தளத்தில் ஃபின்ஃப்ளக்ஸ் என்ற கடன் மென்பொருளைக் கட்டி விற்றார்கள், 2022இல் அதை நம் சென்னையின் எம்2பி என்ற நிதித் தொழில்நுட்ப நிறுவனம் வாங்கியது. அப்பாச்சி உரிமம் அப்படி, எடுத்து மூடி வைத்து விற்கலாம், திருப்பிக் கொடு என்று கட்டாயப்படுத்தாது. எடுத்தவர்கள் எல்லோரும் திருப்பிக் கொடுத்தார்களா என்று கேட்டால், இல்லை. அந்த மனத்தாங்கல் கம்யூனிட்டியில் உண்டு. ஆனால் தனியாகப் பிரித்து எடுத்துப் போனவர்கள், பொதுப் பதிப்பில் வரும் ஒவ்வொரு திருத்தத்தையும் தங்கள் பிரதியில் கையால் ஒட்ட வேண்டியிருப்பதால், சில வருடத்தில் அவர்களில் சிலர் தாங்களாகவே திருத்தங்களை அனுப்ப ஆரம்பித்துவிடுகிறார்கள்.