டிக்கன்ஸின் கையில் ஒட்டிய கறுப்பு

கேள்வி: சார்லஸ் டிக்கன்ஸ் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில், சிறுவயதில் அவர் ‘பூட் பாலிஷ் தொழிற்சாலை’யில் வேலை பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். மூலத்தில் இருக்கும் சொல் ‘பிளாக்கிங்’. கறுப்பாக்குவது எதுவோ அது மை. ‘மைத் தொழிற்சாலை’ என்று அழகாக எழுத வழியிருக்கும்போது பூட்டையும் பாலிஷையும் ஏன் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்?

பதில்: மை நல்ல சொல் என்பதில் நமக்குள் சண்டையே இல்லை. ஆனால் அந்தச் சிறுவன் வேலை பார்த்த இடத்தில் மை தயாரிக்கவில்லை. அழகாக இருக்கிறது என்பதற்காக இல்லாத சரக்கை அங்கே கொண்டுபோய் வைக்க முடியாது.

அது தோல் பூட்ஸில் பூசித் தேய்க்கும் கறுப்பு. எலும்பைக் காற்றுப் படாமல் சுட்டெடுத்த கரித்தூள், சர்க்கரைப் பாகின் கசண்டு, வினிகர், எண்ணெய், கொஞ்சம் கந்தக அமிலம் என்று கலந்து செய்தார்கள். நீராகக் கலந்தது புட்டியில் வரும், கெட்டியானது சாடியில் வரும். கெட்டிக் களிம்பைத் தண்ணீரோ எச்சிலோ தொட்டு இளக்கி, பூசி, பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே இருந்தால் பளபளப்பு ஏறும். மழையில் நனைந்தால் கால்சட்டை ஓரமெல்லாம் கறுப்பு. இதைக் கொண்டு ஒருவரி எழுதிப் பார்த்தால் தெரியும், இது மையா என்று.

1824இல், 12 வயதில், லண்டன் தேம்ஸ் கரையில் எலிகள் ஓடும் பழைய கட்டடம் ஒன்றில் டிக்கன்ஸ் இந்த வேலைக்குப் போனார். வாரக் கூலி ஆறு ஷில்லிங். அவர் சேர்ந்த சில நாள்களில் அப்பா கடனுக்காக மார்ஷல்ஸீ சிறைக்குப் போய்விட்டார். களிம்புச் சாடியின் வாயில் முதலில் எண்ணெய்க் காகிதம், அதன்மேல் நீலக் காகிதம் வைத்துச் சுற்றிலும் நூலால் கட்டி, பிசிறில்லாமல் ஓரத்தைக் கத்தரிக்க வேண்டும். மருந்துக்கடைச் சாடிபோல் கச்சிதமாக வந்த பிறகு, அச்சடித்த லேபிளை ஒட்ட வேண்டும். நாள் முழுக்க இதேதான். பின்னால் வேறு தெருவுக்கு மாற்றினார்கள். அங்கே வெளிச்சத்துக்காக ஜன்னலோரம் உட்கார்ந்து பையன்கள் சாடி கட்டுவதைத் தெருவில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருநாள் அப்பாவே உள்ளே வந்தார். இதை அவரால் எப்படித் தாங்க முடிந்தது என்று அந்தப் பிள்ளை யோசித்திருக்கிறான்.

டிக்கன்ஸ் இதை வெளியே சொல்லவில்லை. 1870இல் அவர் இறந்த பிறகு, நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் உலகத்துக்குத் தெரிந்தது. பிளாக்கிங் புட்டியின் கார்க்கில் பூசும் பசையின் வாடை தாங்காமல், அந்தப் பக்கம் போக நேர்ந்தால் எதிர்ச்சாரிக்குக் கடந்துவிடுவாராம்.

இப்போது ‘மைத் தொழிற்சாலை’ என்று போட்டுப் பாருங்கள். படிக்கிறவர் மனதில் உடனே பேனா மை வந்து நிற்கும். ‘ஆகா, பெரிய எழுத்தாளர் மைப்புட்டியில்தான் தொடங்கியிருக்கிறார்’ என்று ஒரு பொருத்தத்தைப் பார்த்து மகிழ்ந்துபோவார். ஒரு பிள்ளையின் அவமானத்தை நல்ல சகுனமாக மாற்றிவிடும் மொழிபெயர்ப்பு அது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

தமிழில் மை முதலில் கண்ணுக்கு உரியது. ‘எழுதுங்கால் கோல்காணாக் கண்ணேபோல்’ என்று குறள் சொல்லும் கோல், கண்ணுக்கு மை தீட்டும் கோல். அங்கிருந்து ஏட்டுக்கும் பேனாவுக்கும் அச்சுக்கும் போனது. வண்டி மையும் உண்டே என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் அங்கே ‘வண்டி’ என்று முன்னால் சொல்லித்தானே விளங்கவைக்கிறோம்? ‘பூட்ஸ் மை’ என்று எழுதியிருந்தீர்களானால் நான் இவ்வளவு வாதாட மாட்டேன்.

அகராதியில் ‘கருமை பூசுதல்’ என்று இருந்தாலும் அது போதாது. பிளாக்கிங் இடத்துக்கு இடம் வேறு. இரும்பு அடுப்புக்குப் பூசினால் அது பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட். அதற்கு ஆங்கிலத்தில் ‘பிளாக் லெட்’, அதாவது கறுப்பு ஈயம் என்று பெயர், ஆனால் அதில் ஈயம் துளியும் கிடையாது. (இலங்கைத் தமிழில் கிராஃபைட்டைக் காரீயம் என்பார்கள், தமிழ்நாட்டில் அதே சொல் ஈயத்தைக் குறிக்கும். மொழிபெயர்ப்பவர்கள் இங்கே நின்று நிதானிக்க வேண்டும்.) வார்ப்பட வேலையில் பிளாக்கிங் என்றால், உருகிய உலோகம் மணலில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அச்சின் உட்புறம் பூசும் கரிப்பூச்சு. பிரிட்டிஷ் தொழிற்சங்கச் செய்தியில் வந்தாலோ பூச்சே இல்லை. ஒரு நிறுவனத்தின் சரக்கைத் தொட மாட்டோம் என்று தொழிலாளர்கள் ஒதுக்கிவைப்பது அது. அங்கே ‘மை பூசினார்கள்’ என்று எழுதினால் செய்தியே தலைகீழாகிவிடும்.

சரி, எங்கள் பக்கமும் ஒரு குறை உண்டு. பூட் பாலிஷ் என்றதும் இன்றைய வாசகருக்குத் தட்டையான தகர டப்பாவும் மெழுகும்தான் தோன்றும். கிவி பாலிஷ் வந்ததே 1906இல். டிக்கன்ஸ் கட்டியது சாடியை. கட்டுரை நூலாக வரும்போது ‘பூட்ஸுக்குப் பூசும் கறுப்புக் களிம்பு தயாரிக்கும் இடம்’ என்று முதல் தடவை விரித்துச் சொல்லிவிட்டு, அப்புறம் ‘களிம்புச் சாடி’ என்றே எழுதப்போகிறோம்.