கேளுங்கள், சொல்கிறோம்: ஏஎல்.ஆர்எம். விலாசத்துக்குள் எத்தனை ஆங்கிலச் சொல்?

கேள்வி (கானாடுகாத்தான் வாசகி): எங்கள் வீட்டு விலாசம், அதாவது பெயருக்கு முன்னால் போடும் குடும்ப எழுத்துகள், ஏஎல்.ஆர்எம். லீவுக்கு வந்திருக்கும் பேரப்பிள்ளைகள், இந்த நாலு எழுத்தும் வருகிற ஆங்கிலச் சொல்லாகத் தேடி விளையாடுகிறார்கள். ‘மார்பிள்’ என்கிறாள் பெரியவள், ‘நார்மல்’ என்கிறான் சின்னவன். எனக்கு ‘அலார்ம்’ மட்டும்தான் வந்தது. டிக்‌ஷனரியைப் புரட்டாமல் நிறையச் சொல்ல வழி உண்டா?

பதில்: உண்டு ஆச்சி. ஆனால் முதலில் ஆட்டம் எது என்று பிள்ளைகளிடம் கறாராகக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நாலு எழுத்தை மட்டும் வைத்துச் சொல் கட்ட வேண்டுமா, இல்லை அந்த நாலும் இருந்தால் போதும், வேறு எழுத்தும் கூட வரலாமா? இரண்டும் வேறு வேறு ஆட்டம். முதலாவது என்றால் கை கட்டிப் போட்ட மாதிரிதான், ‘மார்ல்’ என்ற ஒரு சொல்தான் எனக்குத் தெரிந்து தேறும், சுண்ணாம்பு கலந்த களிமண்ணுக்கு அந்தப் பெயர். இரண்டாவது என்றால் புதையல்.

எல்லோரும் செய்வது, நாலு எழுத்தையும் கண்ணெதிரே வைத்துக்கொண்டு முழுச் சொல் தானாக வந்து விழும் என்று காத்திருப்பது. அது வராது. அதற்குப் பதிலாகச் சொல்லின் வாலைப் பிடியுங்கள். ஆங்கிலத்தில் ‘ஏஎல்’ என்று முடிகிற சொற்களுக்குப் பஞ்சமே இல்லை, உங்கள் விலாசமே அதில்தான் தொடங்குகிறது! அந்த வாலிலேயே இரண்டு எழுத்து கழிந்துவிடும், மிச்சம் எம்முக்கும் ஆருக்கும் மட்டும் இடம் பார்த்தால் போதும்: ஃபார்மல், தெர்மல், மாரல், மார்ட்டல், மினரல், நியூமரல், ரிமூவல், மெமோரியல், மெட்டீரியல், கிரிமினல், கமர்ஷியல். சின்னவன் மூச்சு வாங்கட்டும், நீங்கள் அடுத்த வாலுக்குப் போங்கள். ‘ஏபிள்’ என்று முடிவதிலும் ஏ, எல் இரண்டும் உண்டு: மெமரபிள், ரிமார்க்கபிள், அட்மிரபிள். ‘ஏஆர்’ என்று முடிந்தால் சிமிலர், மஸ்குலர், மாலிக்குலர். ‘மென்ட்’ என்ற வால் எம்மைப் பார்த்துக்கொள்ளும், அதில் பார்லிமென்ட்டே இருக்கிறது. ‘இஸம்’ வாலும் அப்படித்தான்: ரியலிஸம், ஜர்னலிஸம்.

வால் தீர்ந்தபின் எழுத்து ஜோடிகளைப் பாருங்கள். ஆரும் எம்மும் ஒட்டிக்கொண்டு வருவது ஆங்கிலத்தில் சகஜம், ஃபார்முலா கிடைப்பது அப்படித்தான். எம்மை முன்னால் வைத்து ஆரை ஒட்டினால் அநேகமாக ஒன்றும் கிடைக்காது, அதில் நேரத்தை விடாதீர்கள்.

கடைசியாக ஒரு துருப்புச் சீட்டு: ‘அல்மைரா’. உங்கள் வீட்டில் பர்மா தேக்கில் நிற்கிறதே, அதேதான். ஏ, எல், எம், ஐ, ஆர், ஏ, ஹெச் என்று எழுதுவார்கள், ஆங்கில அகராதியில் இருக்கிறது. பிள்ளைகள் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்பார்கள், அப்போது மட்டும் டிக்‌ஷனரியை எடுங்கள்.

கேள்வி (தேவகோட்டை, கல்லூரி மாணவர்): செல்போனில் சொல் தேடும் ஆப்பில் எழுத்துகளைத் தட்டிய உடனே அவற்றால் ஆகும் சொற்பட்டியல் வந்து நிற்கிறதே, உள்ளே என்னதான் நடக்கிறது?

பதில்: தம்பி, எழுத்துகளை இடம் மாற்றி மாற்றி எல்லா வரிசையையும் போட்டுப் பார்க்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஏழு வெவ்வேறு எழுத்துக்கே 5,040 வரிசை வரும், பத்து என்றால் 36 லட்சத்தைத் தாண்டும். அவ்வளவு பாடு தேவையே இல்லை. கல்யாணச் சீர் பாத்திரங்களில் விலாசம் வெட்டி வைப்பார்களே, எத்தனை வீட்டுச் சாமான் கலந்தாலும் விலாசத்தைப் பார்த்துப் பிரித்துவிடலாம் இல்லையா, அதே வேலைதான் இங்கேயும். ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகர வரிசைக்கு மாற்றி, அதையே அந்தச் சொல்லின் விலாசமாக முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவார்கள். ஸ்டாப், போஸ்ட், ஸ்பாட், டாப்ஸ், பாட்ஸ், ஆப்ட்ஸ் ஆறுக்கும் விலாசம் ஒன்றே: ஓ, பி, எஸ், டி. நீ தட்டிய எழுத்துகளையும் அப்படியே வரிசைப்படுத்தி, அந்த விலாசத்தில் இருப்பதை எடுத்துக் கொடுத்தால் வேலை முடிந்தது.

இது முதல் வகை ஆட்டத்துக்கு. வேறு எழுத்தும் கூட வரலாம் என்றால், ஒவ்வொரு சொல்லுக்கும் 26 கட்டம் போட்டு, இருக்கிற எழுத்துக்கு 1, இல்லாததற்கு 0 என்று குறித்து வைக்கலாம். கேட்ட எழுத்துகளின் கட்டங்களில் எல்லாம் 1 இருந்தால் அந்தச் சொல் உள்ளே. ஒரே எழுத்து இரண்டு முறை வேண்டும் என்றால் மட்டும் இந்தக் கட்டம் ஏமாற்றும், எண்ணியும் பார்க்க வேண்டும்.

உன் கல்லூரி லேபில் லினக்ஸ் இயங்குதளம் இருந்தால், வரிகளைத் தேடி எடுக்க ‘கிரெப்’ என்று ஒரு கட்டளை இருக்கும், கணினி அறிஞர் கென் தாம்சன் 1970-களில் யுனிக்ஸ் என்ற இயங்குதளத்துக்காக எழுதியது. சொற்பட்டியல் கோப்பில் ஏ உள்ள வரிகளை அதால் எடு, வந்ததில் எல் உள்ளவை, அதில் ஆர், அப்புறம் எம். நாலு சல்லடையில் சலித்தால் மேலே ஆச்சி கேட்டதற்கு முழுப் பட்டியலும் வந்துவிடும். (அவர் பேரப்பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிடாதே.)

கேள்வி (காரைக்குடி வாசகர்): எழுத்துக் காய்களை அடுக்கிச் சொல் கட்டும் ஸ்கிராபிளில் எனக்கு மட்டும் கியூ வந்து மாட்டிக்கொள்கிறது, யூ கிடைப்பதே இல்லை.

பதில்: கியூ, ஐ இரண்டை மட்டும் வைத்து ‘சீ’ என்று ஒரு சொல் உண்டு, சீனர்கள் சொல்லும் உயிராற்றல். இப்போதைய ஸ்கிராபிள் அகராதிகளில் அது செல்லும், அதில் கியூவுக்கே 10 புள்ளி. அந்த விளையாட்டை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ் ஒரு கட்டடக் கலைஞர். 1930-களில் பத்திரிகைப் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று உட்கார்ந்து எண்ணித்தான் இதை அமைத்தார். அதனால்தான் 100 காயில் இ மட்டும் 12, கியூ ஒன்றே ஒன்று. அந்த ஒன்று உங்களைத் தேடி வருகிறது என்றால், காய்களைக் குலுக்குகிறவரை மாற்றிப் பாருங்கள்.

கேள்வி (பள்ளத்தூர் வாசகி): ஆட்டத்தின் நடுவே செல்போனில் பார்த்துச் சொல்வது சரியா?

பதில்: எல்லோரும் பார்க்கலாம் என்று பேசி வைத்திருந்தால் சரி. இல்லையென்றால் ஆட்டம் முடிந்ததும் பாருங்கள், விட்டுப்போன சொற்களைப் படிப்பதும் ருசிதான்.