நெட்வொர்க் டிரைவரில் பவுன்ஸ் பஃபர் எதற்கு?

நெட்வொர்க் கார்டு பாக்கெட்டை சிபியு உதவியில்லாமல் நேராக ராமில் எழுதும்; அதுதான் டிஎம்ஏ. 32 பிட் முகவரி மட்டுமே தெரிந்த கார்டுக்கு 4 ஜிபிக்கு மேல் எட்டாது. பிராட்காமின் பழைய பி44 கார்டு இன்னும் மோசம்: 30 பிட், அதாவது வெறும் 1 ஜிபி.

பஃபர், அதாவது பாக்கெட்டைத் தற்காலிகமாக வைக்கும் ராம் பகுதி, கார்டுக்கு எட்டாத இடத்தில் விழுந்தால், எட்டும் இடத்தில் ஒரு இடைப் பஃபர் வைத்து சிபியு நகலெடுக்கும். அதுவே பவுன்ஸ் பஃபர். வேலூர் மார்க்கெட் சந்துக்குள் லாரி நுழையாது. தெருமுனையில் மூட்டையை இறக்கித் தள்ளுவண்டியில் கொண்டுபோவார்களே, அதே கதைதான். வேலை கூடும், சரக்கு போய்ச் சேரும்.

கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரில் டிஎம்ஏ மாஸ்க்கை, அதாவது கார்டு எத்தனை பிட் முகவரி வரை எட்டும் என்பதை, சரியாக அறிவித்தால் போதும், மிச்சத்தை லினக்ஸ் பார்த்துக்கொள்ளும். ஆனால் பவுன்ஸ் பஃபருக்கென வழக்கமாக ஒதுக்குவது 64 எம்பிதான். நிறைந்தால் மேப்பிங், அதாவது பஃபருக்குக் கார்டு பயன்படுத்தும் முகவரியைப் பெறுவது, தோற்கும். அந்தப் பிழையைக் கட்டாயம் சோதியுங்கள். விட்டால் கார்டு கண்ட இடத்தில் எழுதி ராமைக் கெடுக்கும்.

64 பிட் ஓஎஸ் போட்டால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வரம்பு கார்டில் இருப்பதால் அது மாறாது.