கால் டாலருக்கு எவ்வளவு மதிப்பு?

கேள்வி: அமெரிக்காவிலிருந்து மகன் 50 மாநிலக் கால் டாலர்களையும் சேர்த்து அனுப்பியிருக்கிறான். நல்ல விலை போகுமா?

பதில்: புழங்கித் தேய்ந்தவை என்றால் தலா 25 சென்ட்தான். 1999 முதல் 2008 வரை மாநிலத்துக்கு ஒரு வடிவம் என்று சுமார் 3,400 கோடி அடித்துத் தள்ளினார்கள். என்னிடமே ஒரு டப்பா நிறையக் கிடக்கிறது. ஆனால் 2004-இல் வந்த விஸ்கான்சின் மாநில நாணயத்தை மட்டும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். சோளக்கதிரின் இடப்பக்கம், கீழே கூடுதலாக ஓர் இலை மெல்லிய கோடாகத் தெரிகிறதா? வாஷிங்டன் முகம் உள்ள பக்கத்தில் 'டி' (D) எழுத்து இருக்கிறதா? சரி, அது டென்வர் நாணயச்சாலையின் பிழை. சேகரிப்பாளர்கள் கூடுதலாகக் கொடுத்து வாங்குவார்கள். அப்புறம், 2019, 2020-இல் வந்த தேசியப் பூங்கா கால் டாலர் வரிசையில் 'டபிள்யூ' (W, வெஸ்ட் பாயின்ட் நாணயச்சாலை) முத்திரை உள்ளது கிடைத்தாலும் விடாதீர்கள். ஒரு வடிவத்துக்கு 20 லட்சம்தான் வெளியிட்டார்கள். எதையும் பளபளப்பாகத் தேய்த்துவிடாதீர்கள், இருக்கும் விலையும் போய்விடும்.