மானியப் பணம் எப்போது கைக்கு வரும்? – கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, சிங்கப்பூர் ஜூரோங்கில் ஒரு தொழிற்கூடத்தை வாடகைக்கு எடுத்து அடுக்குமுறைக் கீரைப் பண்ணை தொடங்கப் பார்க்கிறோம். இயந்திரச் செலவில் பாதி மானியமாகக் கிடைக்கும் என்கிறார்கள். இறங்கலாமா?

பதில்: முதலில் மின்கட்டணத்தைக் கணக்கிடுங்கள். மூடிய அறையில் ஒரு கிலோ கீரை வளர்க்க எல்இடி விளக்கு, குளிரூட்டி எல்லாம் சேர்த்து 10 முதல் 15 யூனிட் ஆகும். யூனிட் 30 காசு என்று வைத்தால் 3 முதல் 4.50 வெள்ளி (டாலர்) மின்சாரத்துக்கே போய்விடும். சம்பளம், வாடகை, விதை, பொட்டலம் எல்லாம் அதற்கு மேல். மலேசியாவிலிருந்து லாரியில் வரும் சாய் சிம் கீரையோடு விலையில் போட்டி போட முடியாது. ஆகவே உணவகமோ பேரங்காடியோ, வாங்குபவரின் எழுத்துபூர்வ உறுதி கையில் இல்லாமல் தொடங்காதீர்கள்.

மானியம் வழக்கமாக இயந்திரச் செலவில் ஒரு பங்கைத்தான் ஏற்கும். மாதாமாத மின்கட்டணம் உங்கள் தலையில்தான். அந்தப் பங்கும் நீங்கள் முழுத் தொகையைக் கட்டி, ரசீதுகளைக் காட்டிய பிறகே திரும்ப வரும். பலர் மூச்சுத் திணறுவது இந்த இடைவெளியில்தான். ஆறு மாதச் செலவுக்குத் தனியாகப் பணம் வைத்திருங்கள்.

கேள்வி: விண்ணப்பம் போட்டுவிட்டோம். விற்பனையாளர் முன்பணம் கேட்டு நெருக்குகிறார். கொடுத்துவிடலாமா?

பதில்: கூடாது. ஒப்புதல் கடிதம் வருமுன் முன்பணம் கொடுத்தாலோ கையெழுத்திட்டாலோ அந்தச் செலவு தகுதியை இழக்கக்கூடும். விலைப்பட்டியலின் செல்லுபடிக் காலத்தை நீட்டித்துத் தரச் சொல்லுங்கள். இன்னொன்று: நாட்டின் ஊட்டச்சத்துத் தேவையில் ஒரு பங்கை உள்ளூரிலேயே விளைவிக்க 2019இல் அறிவித்த '2030க்குள் 30 விழுக்காடு' இலக்கு இப்போது இல்லை. 2025 நவம்பரில் அதை மாற்றி, 2035க்குள் நார்ச்சத்து வகையில் (காய்கறி, காளான் போன்றவை) 20, புரத வகையில் (முட்டை, மீன் போன்றவை) 30 விழுக்காடு என்று வைத்தார்கள். பழைய இலக்கை மேற்கோள் காட்டும் திட்ட அறிக்கையைத் திருத்திவிடுங்கள்.

கேள்வி: ஐயா, சென்னையிலிருந்து பாடகரை அழைக்கிறோம். சம்பளம் 10,000 வெள்ளி. வரி பிடிக்க வேண்டுமாமே?

பதில்: ஆமாம். வெளிநாட்டுக் கலைஞருக்குக் கொடுக்கும் தொகையில் 15 விழுக்காடு பிடித்து உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் கட்ட வேண்டும். 10 விழுக்காடு மட்டும் பிடித்த சலுகை விகிதம் 2022 மார்ச் 31உடன் முடிந்துவிட்டது. இன்னும் பழைய கணக்கிலேயே பட்ஜெட் போடுகிறவர்கள் உண்டு. 'கையில் 10,000 வேண்டும்' என்று பாடகர் கேட்டால் 1,500 வெள்ளியைக் கூட்டினால் போதாது. 10,000ஐ 0.85ஆல் வகுக்க வேண்டும்: 11,764.71 வெள்ளி. அதில் வரி 1,764.71. ஏப்ரலில் பணம் கொடுத்தால் கெடு ஜூன் 15. தவறினால் உடனே 5 விழுக்காடு அபராதம், பிறகு மாதம் 1 விழுக்காடு கூடும், அந்தக் கூடுதலுக்கு உச்சம் 15 விழுக்காடு. வரி யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: தேக்காவில் பாதுகாக்கப்பட்ட கடைவீடு எங்களுடையது. பழுதுபார்க்க தேசிய நினைவுச் சின்ன நிதியில் உதவி கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. 2008இல் தொடங்கிய அந்த நிதி, லாப நோக்கற்ற அல்லது சமய அமைப்புகளின் தேசிய நினைவுச் சின்னங்களுக்கானது. தேக்கா இருக்கும் லிட்டில் இந்தியா 1989இல் பாதுகாப்புப் பகுதியானது; கடைவீட்டுச் செலவு உரிமையாளருடையது. எதிர்பாராச் செலவுக்கு 15 முதல் 20 விழுக்காடு ஒதுக்குங்கள். சுவருக்குள் புதைந்த உத்தரத்தின் நுனியைக் கறையான் அரித்திருப்பது பிரித்த பிறகுதான் தெரியும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் சுவருக்குச் சிமெண்ட் பூசாதீர்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு உப்பி உதிரும், அதே வேலைக்கு இரண்டாம் முறை செலவழிக்க நேரும்.

கேள்வி: ஊர்க் கோயில் திருப்பணிக்கு இங்கே வாட்ஸ்அப்பில் நிதி திரட்டலாமா, அண்ணா?

பதில்: உறவு, நட்பு வட்டம் வேறு, பொது வேண்டுகோள் வேறு. வெளிநாட்டு அறப்பணிக்குப் பொதுமக்களிடம் திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். திரட்டிய பணத்தில் செலவு போக மீதியில் குறைந்தது 80 விழுக்காட்டை சிங்கப்பூரிலேயே பயன்படுத்த வேண்டும் என்பது பொது விதி. அந்த நன்கொடைக்கு வரிக் கழிவும் இல்லை.

கேள்வி: இயற்கைப் பாதுகாப்புக்காக நடக்கும் நன்கொடை விருந்தில் 500 வெள்ளி டிக்கெட் வாங்கினேன். முழுத் தொகைக்கும் 250 விழுக்காடு கழிவு உண்டா?

பதில்: நடத்துவது ஐபிசி தகுதி (நன்கொடைக்கு வரிக் கழிவு பெற்றுத் தரும் தகுதி) பெற்ற அமைப்பா என்று முதலில் பாருங்கள். ஆமென்றால், விருந்தின் மதிப்பைக் கழித்த மீதிக்குத்தான் கழிவு. சாப்பாடு 120 வெள்ளி என்றால் மீதி 380, கழிவு 950 வெள்ளி. அடையாள அட்டை எண்ணைக் கொடுத்துவிட்டால் அது தானாகவே உங்கள் வரிக் கணக்கில் ஏறிவிடும்.