அழித்து எழுதாத எடைக் கணக்கு

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு பசுந்தேயிலை கொள்முதல் மையத்துக்கு எடைக் கணக்கு மென்பொருள் எழுதுகிறேன். ஈரத்துக்குக் கழிக்கும் எடை, விலை என்று பதிவுகளைப் பின்னால் திருத்துகிறார்கள். பில் போட்ட அன்று கணக்கு எப்படி இருந்தது என்று விவசாயி கேட்டால் காட்ட வேண்டும். மழைக்காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்றே தெரியாது. எப்படி வடிவமைப்பது?

பதில்: பி-பிளஸ் மரம் (பதிவுகளைச் சாவி வரிசையில், ஒரே அளவுள்ள கோப்புத் துண்டுகளான பக்கங்களில் அடுக்கி வைக்கும் அமைப்பு) போதும், காப்பி-ஆன்-ரைட் முறையில், அதாவது பழையதை அழிக்காமல் நகலில் திருத்தும் முறையில். திருத்த வேண்டிய இலைப் பக்கத்தைத் தொடாமல், மாற்றத்தோடு புதுப் பக்கம் ஒன்றைக் கோப்பின் கடைசியில் எழுதுங்கள். இலையின் முகவரி மாறியதால் அதன் தாய்ப் பக்கமும் புதிதாக வேண்டும். அப்படியே மரத்தின் உச்சிப் பக்கமான வேர் வரை. மற்றப் பக்கங்கள் பழைய மரத்துக்கும் புது மரத்துக்கும் பொது. ஆக, ஒரு பதிப்பு என்பது ஒரு வேர்ப் பக்கத்தின் முகவரி, அவ்வளவுதான். (தேயிலைக்காரர்களிடம் இலை என்றால் வேறு அர்த்தம், இங்கே அது மரத்தின் கடைசி அடுக்கு.)

ஓர் இலையில் பக்கத்து இலைக்குச் சுட்டி (அதன் முகவரி) வைக்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். ஓர் இலை இடம் மாறினால் அதைச் சுட்டும் இடப்பக்க இலையும் மாறும், அதற்கு இடப்பக்கமும் மாறும். கடைசியில் மரம் முழுக்க நகலாகும்.

இடம் எவ்வளவு பிடிக்கும்? பக்கம் 4096 பைட், சாவி 8, முகவரி 8 என்றால் ஒரு பக்கத்தில் சுமார் 250 கிளைகள். மூன்று அடுக்கு மரத்தில் ஒரு மாற்றத்துக்கு 12 கேபி. தினம் 300 எடையைத் தனித்தனியாகப் பதிந்தாலும் 3.6 எம்பி, வருடத்துக்கு 1.3 ஜிபி. இன்றைய டிஸ்க்குக்கு இது ஒன்றுமே இல்லை. அதனால் பழைய பக்கங்களை நீக்கி இடத்தை மீட்கும் நிரலை இப்போது எழுதவே வேண்டாம். பிழைகள் குடியிருப்பது அங்கேதான். மாத விலையை எடைப் பதிவுகளுக்குள் போடாமல் தனிப் பதிவாக வையுங்கள். இல்லையென்றால் மாதக் கடைசியில் ஒன்பதாயிரம் பதிவுகளைத் தொட வேண்டிவரும்.

அப்புறம் கரண்ட். கோப்பின் தொடக்கத்தில் இரண்டு தலைப் பக்கங்கள். ஒவ்வொன்றிலும் பதிப்பு எண், வேர் முகவரி, செக்சம் (பக்கம் பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண்). இந்த இரண்டை மட்டும்தான் மேலெழுதலாம், அதுவும் மாற்றி மாற்றி. முதலில் புதுப் பக்கங்கள், எஃப்சிங்க் (எழுதியது டிஸ்க்கில் போய்ச் சேரும்வரை காத்திருக்கும் கட்டளை). பிறகு தலைப் பக்கம், மறுபடி எஃப்சிங்க். திறக்கும்போது செக்சம் சரியாக உள்ளவற்றில் பெரிய எண்ணை எடுங்கள். இந்த வரிசையை மாற்றி நானே ஒருமுறை பட்டிருக்கிறேன்: தலைப் பக்கம் பத்திரமாக இருந்தது, அது சுட்டிய வேர்தான் டிஸ்க்குக்கு வந்து சேரவில்லை.

எல்எம்டிபி என்ற தரவுத்தள நூலகமும் இரண்டு தலைப் பக்கங்களை இப்படித்தான் மாற்றி மாற்றி எழுதுகிறது. ஆனால் யாரும் படிக்காத பழைய பக்கங்களை அது மறுபடி பயன்படுத்திக்கொள்ளும், உங்கள் பழைய பதிப்புகள் தங்காது.

சரி, பழைய வேரைத் தேடுவது எப்படி? பில்லிலேயே பதிப்பு எண்ணோடு வேர்ப் பக்க எண்ணையும் அச்சடித்துவிடுங்கள். விவசாயி சீட்டை நீட்டினால் அந்த மரத்தை நேராகத் திறந்துவிடலாம். அச்சு மட்டும் இரண்டாவது எஃப்சிங்க் முடிந்த பிறகே வர வேண்டும்.